விக்டோரியா அருவி: எந்த மாதம், எந்தக் கரை?

ஜாம்பியாவையும் ஜிம்பாப்வேயையும் பிரிக்கும் ஜாம்பேசி ஆற்று அருவிக்குக் கிளம்புகிறவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

பிள்ளைகளுக்கு ஏப்ரலில்தான் லீவு சார். அப்போது போனால் அருவி நன்றாகத் தெரியுமா?

தண்ணீர் ஏராளமாக இருக்கும், அருவிதான் கண்ணுக்குத் தெரியாது. உள்ளூர் மழை மார்ச்சோடு ஓய்ந்துவிடும். ஆனால் அங்கோலாவிலும் ஜாம்பியாவின் வடமேற்கிலும் பெய்த மழை, வழியில் பரோட்சே சமவெளியில் பரவித் தேங்கி மெதுவாகத்தான் வந்து சேரும். அதனால் வெள்ளம் ஏப்ரல் வாக்கில் உச்சத்துக்குப் போகிறது. நூறு மீட்டருக்கு மேல் விழுகிற நீர் சாரலாக எழும்பி, எதிர்க்கரையில் நிற்பவர் தலையில் மழையாகக் கொட்டும். ஜிம்பாப்வே கரையில் அருவியைப் பார்க்க நிற்கும் டேஞ்சர் பாயிண்ட் பக்கம் பல நேரம் வெள்ளைப் புகை மட்டுமே தெரியும். சாரல் கீழிருந்தும் அடிப்பதால் குடை பயன்படாது. முழங்காலுக்குக் கீழே இறங்கும் ரெயின்கோட், பிடிப்புள்ள செருப்பு, போனுக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை இவை போதும். ஏப்ரலில் ஹெலிகாப்டருக்குச் செலவழிப்பது தகும். 1,700 மீட்டர் அகலத்தையும் மேலிருந்துதான் முழுசாகப் பார்க்க முடியும்.

மாதத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றால் ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை போங்கள். தண்ணீரும் இருக்கும், பார்வையும் மறையாது.

அக்டோபரில் போனால் வறண்டு கிடக்குமாமே?

ஜாம்பியா பக்கம் பெரும்பாலும் மொட்டைப் பாறைதான். ஆற்றுப்படுகை அங்கே மேடு. ஜிம்பாப்வே பக்கக் கோடியில் உள்ள டெவில்ஸ் கேட்டரக்ட் என்ற அருவிப் பிரிவின் விளிம்பு தாழ்வானது, அதனால் குறைந்த நீரும் அந்தப் பக்கமே ஓடும். அக்டோபரில் அருவி பார்க்க ஜிம்பாப்வே கரைதான் சரி. வெயில் கடுமையாக இருக்கும் என்பதால் காலையிலேயே சுற்றி முடித்துவிடுங்கள்.

விளிம்பில் குளிக்கிற டெவில்ஸ் பூல் ஆபத்தில்லையா அண்ணா?

குளத்தின் ஓரத்தில் நீருக்கடியில் ஒரு பாறை வரப்பு இருக்கிறது, ஆளைத் தடுத்து நிறுத்துவது அதுதான். ஆற்று மட்டம் ஏறினால் வரப்பைத் தாண்டி இழுத்துவிடும். ஆகவேதான் ஏறக்குறைய ஆகஸ்ட் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை மட்டும் அனுமதி. ஜாம்பியா கரையிலிருந்து படகில் லிவிங்ஸ்டன் தீவுக்குப் போய், வழிகாட்டியோடு கொஞ்ச தூரம் நீந்த வேண்டும். நீந்தத் தெரியாதவர்கள் போக வேண்டாம். தனியாக யாராவது “நான் காட்டுகிறேன்” என்று கூப்பிட்டால் நகர்ந்துவிடுங்கள்.

ராஃப்டிங் முதல் தடவை. முடியுமா?

ரப்பர் படகு கவிழும் என்று நினைத்தே ஏறுங்கள். ஆறு பாறைகளில் சீறிப் பாயும் இடங்களைப் பாய்ச்சல் என்போம், அவற்றில் பல கடினத்தில் ஐந்தாம் தரத்தவை. நீர் குறைந்த ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரையில்தான் முழு நீளமும் ஓடும். வெள்ளம் ஏறினால் கீழ்ப்பகுதியில் மட்டும் விடுவார்கள், உச்சத்தில் நிறுத்திவிடுவார்கள். ஒன்பதாம் பாய்ச்சலில் பயணிகளை இறக்கிக் கரையோரம் நடக்க வைப்பது வழக்கம். விழுந்தால் மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டிக்கொள்ளுங்கள். எழுந்து நிற்க முயன்றால் பாறையிடுக்கில் கால் சிக்கும். பலருக்கு ஆற்றைவிடச் சிரமம், முடிந்தபின் பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறுவது. முட்டி வலிக்காரர்கள் கேபிள் கார் உள்ள ஏற்பாடா என்று முன்பே கேளுங்கள்.

இரண்டு நாட்டுக்கும் தனித்தனி விசாவா?

வேண்டாம், இரு நாட்டுக்கும் பொதுவான காசா (KAZA) யூனிவிசா உண்டு: 50 டாலர், 30 நாள். இரு நாட்டுக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போய்வரலாம். கசுங்குலா எல்லை வழியாக போட்ஸ்வானாவின் சோபே வனவிலங்குப் பூங்காவுக்குப் பகல் பயணமும் அடங்கும். அங்கே இரவு தங்கினால் விசா செல்லாது. எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கும் கிடையாது, பட்டியலைப் பாருங்கள். இரு நாட்டையும் இணைக்கும், 1905இல் கட்டிய பாலத்தை மட்டும் பார்க்க எல்லைச் சாவடியில் சீட்டு தருவார்கள், அதற்கு விசா வேண்டாம். கையில் கிழியாத, சின்ன டாலர் நோட்டுகள் வைத்திருங்கள், சில்லறை கிடைப்பது கஷ்டம்.

இரவில் வானவில் உண்மையா?

உண்மைதான். பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் பூங்காவைத் திறப்பார்கள். சாரல் நிறைந்த ஏப்ரல் முதல் ஜூன் வரை நல்லது. நிலா உயர உயர வில் பள்ளத்துக்குள் இறங்கிவிடும், ஆகவே நிலா எழுந்ததுமே போங்கள். கண்ணுக்கு வெளிறிய வளைவாகவே தெரியும். நிறம் வேண்டுமானால் ட்ரைபாடில் ஐஎஸ்ஓ 1600, பத்துப் பதினைந்து விநாடி வையுங்கள். பகல் வானவில்லுக்குப் போலரைசர் வடிகட்டி மாட்டினால் பார்த்துச் சுழற்றுங்கள், கோணம் தவறினால் வில்லையே அழித்துவிடும்.

மலேரியா மாத்திரை அவசியமா?

அவசியம். எது என்பதை மருத்துவர் சொல்லட்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும், பலரும் பாதியில் விடுவது இங்கேதான். ஊருக்கு வந்து சில மாதம் கழித்துக் காய்ச்சல் அடித்தாலும் ஆப்பிரிக்கா போனதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

குரங்குத் தொல்லை?

பபூன் கையிலிருக்கும் பாலிதீன் பையைப் பார்த்தாலே பறிக்கும். விட்டுவிடுங்கள், இழுபறி வேண்டாம், பல் பெரிசு.