காது மூக்கு தொண்டைப் பயிற்சி: பட்டறைக்குப் பணம் கட்டும் முன்

உங்கள் மகள் எம்பிபிஎஸ் படிக்கிறார். காது மூக்கு தொண்டைத் துறையில் ஆர்வம் வந்திருக்கிறது. டெம்போரல் போன் (காதைச் சூழ்ந்த மண்டையோட்டு எலும்பு) துளையிடும் பட்டறைக்குப் பணம் கட்டலாமா என்று கேட்கிறீர்கள். இப்போது வேண்டாம். அது எம்எஸ் என்ற அறுவை மருத்துவ மேற்படிப்பில் சேர்ந்தபின், அந்த மூன்றாண்டுக்குள் பழக வேண்டிய வேலை. மாணவப் பருவத்தில் கை பழக வேண்டியது வெளிநோயாளிப் பிரிவில்தான். அதற்குக் காசு வேண்டாம், ஆள் போய் நிற்க வேண்டும். ஹவுஸ் சர்ஜன் எனும் பயிற்சி மருத்துவர் ஆண்டில் இத்துறைக்குக் கிடைப்பது 2 வாரங்கள்தான். எதுவும் பழகாமல் போனால் கேஸ் ஷீட் (நோயாளிக் குறிப்பு) எழுதுவதிலேயே அது கழிந்துவிடும்.

முதலில் ஹெட் மிரர், அதாவது விளக்கொளியை நோயாளிமேல் திருப்ப மருத்துவர் தலையில் மாட்டும், நடுவில் துளையுள்ள கண்ணாடி. இப்போது பலரும் நெற்றி விளக்கு மாட்டிக்கொள்கிறார்கள் என்றாலும் செய்முறைத் தேர்வில் இதைக் கேட்கும் கல்லூரிகள் உண்டு. விளக்கு நோயாளியின் இடப்பக்கம், காது மட்டத்தில், சற்றுப் பின்னால். கண்ணாடியின் துளை வலக்கண்ணை ஒட்டி இருக்க வேண்டும். ஒளி கூர்மையாகக் குவிவது சுமார் 25 செ.மீ. தூரத்தில். பெரும்பாலோர் இடக்கண்ணை மூடிக்கொள்கிறார்கள். மூடினால் ஆழம் தெரியாது, கருவி இடிக்கும். வீட்டில் மேசை விளக்கை வைத்துக்கொண்டு, சுருட்டிய காகிதத்தின் அடியில் எழுதிய எழுத்தைப் படித்துப் பழகலாம்.

காதுக்குள் பார்க்கும் கருவியான ஓட்டோஸ்கோப்பைப் பேனா போலப் பிடித்து, சுண்டுவிரலை நோயாளியின் கன்னத்தில் ஊன்ற வேண்டும். குழந்தை தலையைத் திருப்பினாலும் கருவி கூடவே நகரும், குத்தாது. பெரியவர்களுக்குக் காதுமடலை மேலும் பின்னும் இழுக்க வேண்டும். கைக்குழந்தைக்குக் கீழும் பின்னும். அதன் முனையில் மாட்டும் ஸ்பெகுலம் என்ற புனல் சிறியதாக இருந்தால் வலிக்காது என்று நினைப்பது தப்பு. அது ஆழமாகப் போய் உட்புற எலும்புப் பகுதியில் படும். அங்கே தோல் மெல்லியது, வலி அதிகம். காதுக்குள் நுழையக்கூடியவற்றில் பெரியதே சரி.

கேட்கும் திறனைச் சோதிக்கும் இசைக்கவை (டியூனிங் ஃபோர்க்) 512 ஹெர்ட்ஸாக இருக்கட்டும். 256-இல் அதிர்வைத் தொட்டு உணர்ந்துவிட்டு ‘கேட்கிறது’ என்பார்கள். 1024 சீக்கிரம் அடங்கிவிடும். மேசையில் தட்டக் கூடாது, முழங்கையில் தட்ட வேண்டும். மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் ரின்னே சோதனை. கவையைக் காதருகிலும் காதின் பின்னெலும்பிலும் மாறி மாறி வைத்து, எங்கே நன்றாகக் கேட்கிறது என்று பார்ப்பது அது; எலும்பில் நன்றாகக் கேட்டால் நடுக்காதுக் கோளாறு. ஒரு காது நரம்புக் கோளாறால் அறவே கேட்காவிட்டாலும், அதன் பின்னெலும்பில் கவையை வைத்தால் நல்ல காது அந்த ஒலியை வாங்கிக்கொள்ளும். நோயாளி ‘கேட்கிறது’ என்பார். நடுக்காதுக் கோளாறு என்று எழுதிவிடுவார்கள். கவையை நெற்றி நடுவில் வைக்கும் வெபர் சோதனை காப்பாற்றும்: நடுக்காதுக் கோளாறானால் ஒலி கேளாத காதுப் பக்கம் ஒதுங்கும், நரம்புக் கோளாறானால் நல்ல காதுப் பக்கம். இரண்டும் முரண்பட்டால் முடிவு எழுதும் முன் நல்ல காதில் இரைச்சல் கொடுத்து மறுபடி பார்க்க வேண்டும்.

இனி, மேற்பார்வையில் தானே செய்து பார்க்க வேண்டியவை. காதில் அடைத்திருப்பதை எடுக்க நீர் பீய்ச்சுவதென்றால் நீர் 37 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர்ந்தாலும் சூடானாலும் நோயாளிக்குத் தலை சுற்றும். நேரே செவிப்பறையை நோக்காமல் பின்மேல் சுவரை நோக்கிப் பீய்ச்ச வேண்டும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் தொடவே கூடாது. உள்ளே கிடப்பது பட்டாணியோ கடலையோ என்றால் நீரில் ஊறிப் பெருத்துவிடும். பட்டன் பேட்டரியானால் நீர் ஊற்றுவது ஆபத்து. காத்திருக்காமல் உடனே எடுத்தாக வேண்டும்.

மூக்கில் மணி சிக்கிய குழந்தைக்கு ஃபோர்செப்ஸ் (இடுக்கி) நீட்டினால் மணி வழுக்கி உள்ளே போகும், மூச்சுக்குழாயிலும் விழலாம். வளைந்த கருவியை மணிக்குப் பின்னால் விட்டு முன்னுக்கு இழுப்பதே முறை. மூக்கில் ரத்தம் வந்தால் முன்னால் குனியவைத்து, மூக்கின் மென்பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். எலும்பைப் பிடித்துப் பயனில்லை. நிற்காவிட்டால்தான் பேக்கிங், அதாவது மூக்குக்குள் துணி வைத்து அடைப்பது. ரிப்பன் காஸை (நாடா போன்ற மருத்துவத் துணி) மேல்நோக்கித் திணிப்பது புதியவர்களின் வழக்கமான தவறு. மூக்கின் தரை நேரே பின்னோக்கிப் போகிறது, அதை ஒட்டி அடுக்கடுக்காக வைக்க வேண்டும்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: பேராசிரியரைவிட, பணியில் இருக்கும் பிஜி (முதுநிலை) மாணவரிடம் நட்பாக இருப்பது இங்கே அதிகம் உதவும். இரவில் மூக்கு ரத்தத்தோடு ஆள் வரும்போது உங்கள் மகளைக் கூப்பிடுவது அவர்தான். இதெல்லாம் கைக்கு வந்தபிறகும் ஆர்வம் குறையாவிட்டால், மேற்படிப்புக்கான நீட் பிஜி கலந்தாய்வில் எம்எஸ் இஎன்டியைத் (காது மூக்கு தொண்டை) துணிந்து விருப்பப் பட்டியலில் போடலாம்.