அம்மா வலிக்கவில்லை என்கிறார், ஆனால்...

வாசகி ஒருவர் கேட்டது: 81 வயது அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். ஏற்கெனவே மறதி நோய். வலிக்கிறதா என்றால் "ஒண்ணுமில்ல" என்கிறார், புரட்டினால் முனகுகிறார், சாப்பிடுவதில்லை, ராத்திரி பிதற்றுகிறார். வயசானால் இப்படித்தான் என்கிறார்கள் வார்டில். வலி மருந்து கேட்கலாமா?

கேளுங்கள், இன்றைக்கே. மறதி உள்ளவர் வாய் சொல்வதை நம்பாமல், துணி மாற்றும்போது முகத்தைப் பாருங்கள்: நெற்றி சுருங்குகிறதா, பெட்ஷீட்டை இறுக்கிப் பிடிக்கிறாரா, உங்கள் கையைத் தட்டிவிடுகிறாரா. அசையாமல் படுத்திருக்கும்போது வந்து கேட்டுவிட்டு 'வலி இல்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதிப் போவதுதான் பல வார்டுகளில் நடக்கிறது. அடக்கப்படாத வலியே பிதற்றலைக் கிளப்பலாம். சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், படுக்கைப் புண், கிருமித் தொற்று இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

"வலித்தால் கொடுங்கள்" என்று எழுதிய மாத்திரை உங்கள் அம்மாவுக்குப் போய்ச் சேராது, அவர் கேட்கவே மாட்டாரே. பாராசிட்டமாலை நேரம் குறித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பிசியோதெரபிக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு வேளை விழுந்தால் நல்லது. ஒரே ஒரு விஷயம்: எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தால் கணக்கு மாறும். ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம், நாள் முழுவதும் சேர்த்து கிலோவுக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். அதாவது 40 கிலோ அம்மாவுக்கு ஒரு வேளைக்கு 600 தான், 650 மாத்திரையே கொஞ்சம் அதிகம், 500 நான்கு வேளை போதும். டிரமடால் என்ற வலி மருந்து சேர்ந்த மாத்திரைக்குள்ளும், சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் கூட்டுங்கள். ஈரல் கோளாறு இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், வார்டு வாசலில் விசிட்டிங் கார்டோடு நிற்பவர்கள். "வீட்டுக்கே வந்து ஒரு ஊசி போடுறோம், எழுந்து உட்காந்துடுவாங்க" என்பார்கள். பெரும்பாலும் அது டைக்ளோஃபினாக் என்ற வலி ஊசி. பிரஷர் மாத்திரை சாப்பிடும் 81 வயதுக்காரருக்கு அது கிட்னியைக் கெடுக்கலாம், வயிற்றில் ரத்தம் கசிய வைக்கலாம். கமிஷன் அவருக்கு, டயாலிசிஸ் உங்களுக்கு.

பாராசிட்டமால் போதாவிட்டால் தொடை நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி இருக்கிறது, மயக்க மருந்து டாக்டரைக் கேளுங்கள். குறைந்த அளவு மார்பினும் இருக்கிறது. அடிமையாகிவிடுவார் என்று பயப்படாதீர்கள், மலச்சிக்கல்தான் நிச்சயம், மலமிளக்கியையும் கூடவே எழுதச் சொல்லுங்கள். கிட்னி பழுதென்றால் மருந்தை மாற்றுவார்கள். மார்பினைக் கட்டுப்படுத்தும் போதைப்பொருள் சட்டத்தை 2014-லேயே தளர்த்தியாயிற்று, இன்னும் பல ஆஸ்பத்திரிகளில் ஸ்டாக் இல்லை என்று கையை விரிக்கிறார்கள், கேட்டால் ரெஜிஸ்டர் எழுதுவது தொல்லையாம்.

ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் "வலி இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். "புரட்டும்போது பாருங்க" என்று நிறுத்தி, அவர் கண்ணெதிரே புரட்டச் சொல்லுங்கள்.