பேர் கேள்விப்படாத கேமுக்கு ஆக்களைச் சேர்க்கலாமா?

அக்கா, வணக்கம். நான் கல்முனை. நாங்க அஞ்சு பேர் ரெண்டு வருஷமா வெள்ளி பின்னேரம் கூடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுறம், மேசையைச் சுத்தி இருந்து ஆளுக்கொரு கரெக்டரா ஒரு கதையை நடத்துற ரோல்பிளே கேம். எனக்கு இப்ப கோட்டை, டிராகன், மந்திரவாதி எல்லாம் அலுத்துப் போச்சு. வித்தியாசமான உலகத்துல நடக்கிற ரோல்பிளே கேம் மூண்டு பார்த்து வச்சிருக்கன்: எம்பயர் ஒஃப் த பெட்டல் த்ரோன், த குவயட் இயர், டயலெக்ட். கூட்டாளிமார் "பேரே கேள்விப்படல்ல, ஆர் இருந்து ரூல்ஸ் வாசிக்கிற, காசு குடுத்து வாங்கி ஒரு நாள்ல விட்டா?" எண்டு கேக்கிறாங்க. அவங்க கேக்கிறதும் ஞாயம்தானே. ட்ரை பண்ணலாமா?

தம்பி, பண்ணுங்க. ஆனா மூண்டையும் ஒரே மாதிரி நினைச்சிடாதீங்க.

பெட்டல் த்ரோன் 1975ல வந்தது, நீங்க விளையாடுற டி அண்ட் டி வந்து அடுத்த வருஷமே, அதே டிஎஸ்ஆர் கம்பெனி போட்டது. எழுதின எம்.ஏ.ஆர். பார்க்கர் மொழி படிப்பிச்ச பேராசிரியர், டெகுமெல் எண்ட அவர்ட உலகத்துக்கு மொழியே உண்டாக்கி வச்சவர். வாசிக்க அருமை. ஆனா குலம், கோயில், ஆருக்கு எப்படி மரியாதை எண்டு அவ்வளவும் தெரியாம அங்க வாய் திறக்கப் பயமா இருக்கும், அதுக்காகத்தான் போல அதுல நாம வெளிநாட்டுல இருந்து கப்பல்ல வந்து இறங்கின ஆக்களாத் தொடங்குறம். அப்படி இருந்தும் நீங்க ஒராள் முழுக்க வாசிச்சு மத்த நாலு பேருக்கும் பாடம் எடுக்க வேண்டி வரும். இதைப் பிறகு பாருங்க.

குவயட் இயர் அப்படி இல்ல. அவெரி ஆல்டர் எழுதினது, 2013. கனகாலம் எதிரியோட சண்டை பிடிச்சுத் தப்பின ஒரு ஊருக்கு ஒரு வருஷம் அமைதி கிடைக்குது, அவ்வளவுதான் கதை. 52 காட்ஸ், ஒரு காட் ஒரு கிழமை, ஸ்பேட் கிங் எப்ப வருதோ அப்பவே முடிஞ்சு. கதையை நடத்திக் கொண்டுபோற கேம் மாஸ்டர் இல்ல, உங்களுக்கெண்டு ஒரு கரெக்டரும் இல்ல, எல்லாருமா ஒரே பேப்பர்ல ஊரைக் கீறிக் கீறிப் போறதுதான்.

போன மாரிக்கு மட்டக்களப்பு கல்லடியில எங்கட வீட்டு விறாந்தையில நாலு பேர் இருந்து விளையாடினம். ஆரும் சொல்லாமலே வாவி ஒண்டு வந்திட்டு, மறுகா ஒராள் வாவி கடல்ல சேர்ற முகத்துவாரத்தை மண் மூடினதாக் கீற, வயல்ல வெள்ளம் நிக்குது வெட்டணும் எண்டு ஒரு பக்கம், இப்ப வெட்டினா இறால் எல்லாம் கடலுக்குப் போயிடும் எண்டு மத்தப் பக்கம். ரூல் என்னெண்டா ஊர்க்கூட்டம் வைக்கலாம், ஆனா ஆளுக்கு ஒரு தடவைதான் கதைக்கலாம், முடிவெடுக்க ஏலாது. தன்னைக் கேக்காமச் செஞ்சிட்டாங்க எண்டு மனவருத்தம் இருந்தா ஒரு டோக்கனை எடுத்து முன்னுக்கு வச்சிட்டு சும்மா இருக்கணும். என்ட மச்சாளுக்கு முன்னால மூண்டு டோக்கன். அடுத்த நாள் விடிய போன் எடுத்து "நீங்க அந்த முகத்துவாரத்தை வெட்டியிருக்கக் கூடாது" எண்டா. நான் விளையாடின டிராகன் கதைகள்ல ஒரு நாளும் எனக்கு அப்படி ஒரு போன் வரல்ல. படிச்சுத் தெரிஞ்சுகொள்ற உலகத்தை விட நாமளே உண்டாக்கின உலகத்துலதான் ஆக்கள் இப்படி உரிமையோட கோவிப்பாங்க, அதனாலதான் இதை முதல்ல சொல்றன்.

டயலெக்ட் 2018ல தோர்னி கேம்ஸ் போட்டது, மூண்டுல இருந்து அஞ்சு பேர். தனிச்சுப்போன ஒரு கூட்டம் தங்கட வாழ்க்கைக்குப் புதுசு புதுசாச் சொல் உண்டாக்குது, மூண்டு காலம் கடக்குது, கடைசில அந்த மொழி செத்துப் போகுது. ரூல்ஸ்தான் இங்கிலீஷ், சொல்லெல்லாம் தமிழ்ல உண்டாக்குங்க. எங்கட ஊர்ல "பிறகு" எண்டதுக்குச் சொல்ற "மறுகா"வை கொழும்புக்குப் போன ரெண்டாம் மாசமே விட்டவள் நான், அந்தக் கடைசிக் காட்சியை லேசாக் கடக்க முடியல்ல.

ஒண்டு கட்டாயம். அழிஞ்ச ஊர், எஞ்சின சனம் எண்டு கதை தொடங்கினா, 2004 சுனாமியில ஆக்களைக் குடுத்த எங்கட கரையில, சண்டைக்குள்ள வளந்த வீடுகள்ல, ஆருக்கு எது ஞாபகம் வரும் எண்டு தெரியாது. ஜோன் ஸ்டாவ்ரோபவுலோஸ் சொல்லிக் குடுத்த எக்ஸ் காட் இருக்கு, ஒரு பேப்பர் துண்டுல எக்ஸ் எழுதி மேசைக்கு நடுவுல வைங்க, ஆர் அதைத் தொட்டாலும் ஏன் எண்டு கேக்காம அந்த இடத்தை விட்டுட்டு அங்கால போகணும்.

காசுக்குப் பயப்பட வேணாம், ஒரு பிடிஎஃப் வாங்கி அஞ்சாப் பிரியுங்க, குவயட் இயருக்கு வீட்டுல 304 எண்ட காட்ஸ் விளையாட்டுக்கு வச்சிருக்கிற முழுப் பெட்டியும் கொஞ்சம் டைஸும் காணும். உங்கட பழைய கதையை நிப்பாட்டச் சொல்லாதீங்க, ஒரு வெள்ளி மட்டும் கேளுங்க. அஞ்சு பேரும் வாற நாள் டயலெக்ட், குவயட் இயர் நாலு பேருக்குத்தான், ஒராள் குறையிற நாளுக்கு அதை வைங்க. பேப்பர் மட்டும் பெருசா எடுங்க, ஏ4 காணாது, எங்கட வாவி பாதியில நிண்டுட்டு.