20,000 ரூபாய், ஒன்றே முக்கால் வயதுக் குழந்தை, ஊட்டி: கட்டுபடியாகுமா?

சென்னையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "நான், கணவர், ஒன்றே முக்கால் வயது மகள், முழங்கால் வலியுள்ள மாமியார் என நாலு பேர் மே மாதம் ஊட்டிக்குப் போக நினைக்கிறோம். எல்லாம் சேர்த்து 20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இங்கிருந்தே வாடகைக் கார் எடுப்பதா, ரயிலா? மேட்டுப்பாளையத்தில் பொம்மை ரயில் ஏறித்தான் ஆக வேண்டும் என்று கணவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். குழந்தைக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளுமா என்பதுதான் என் கவலை."

தாராளமாகப் போகலாம். மே மாதத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

உங்கள் பட்ஜெட்டை விழுங்கப்போவது குழந்தையோ ரயில் டிக்கெட்டோ அல்ல, தேதி. சாதாரண நாளில் 2,000 ரூபாய்க்குக் கிடைக்கும் லாட்ஜ் அறை, மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் இரண்டு மடங்குக்கும் மேலே போய் நிற்கும். அந்த விலை கொடுத்தாலும் நிறையப் படி ஏற வேண்டிய அறைதான் மிஞ்சியிருக்கும். ஊருக்குள் வண்டிகள் ஊர்ந்து போகும். பூங்கா வாசலில் வரிசை. வரிசையில் நிற்கத் தெரியாத வயது உங்கள் மகளுக்கு.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, நிறையப் பேர் அதை யோசிப்பதே இல்லை. பள்ளி லீவுக்குக் கட்டுப்பட இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை மழை குறைவு, பகலில் நல்ல வெயில், கூட்டமும் இல்லை. அதிலும் ஞாயிறு இரவு சென்னையில் கிளம்பி வெள்ளி காலை திரும்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறுகளில் பெங்களூரு, கேரளா வண்டிகள் எல்லாம் மலையில்தான் இருக்கும். டிசம்பர், ஜனவரி வேண்டாம். தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்வெளி வெள்ளையாக உறையும் காலம் அது, விடியற்காலையில் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். அக்டோபர், நவம்பரில் குன்னூர் மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டு ரயிலை நிறுத்திவைப்பது அடிக்கடி நடப்பது.

கார் வேண்டாம் என்பதற்குக் காசு ஒரு காரணம். இன்னொன்று இ-பாஸ். உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய இணையத்தில் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. இரவு ஒன்பது மணி வாக்கில் சென்ட்ரலில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறேகாலுக்கு மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும். ஸ்லீப்பரில் ஒருவருக்கு ஏறக்குறைய 350 ரூபாய். ஐந்து வயதுக்குக் கீழே தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் தேவையில்லை. அரசுப் பேருந்திலும் ஐந்து வயது வரை இலவசம்தான். கீழ் பெர்த் குறைந்தது இரண்டு கிடைக்கும்படி பாருங்கள், ஒன்று மாமியாருக்கு, ஒன்று உங்களுக்கும் குழந்தைக்கும்.

இப்போது உங்கள் கணவரின் பொம்மை ரயில். 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கி, 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ரயில், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பினால் ஊட்டி போய்ச் சேர நண்பகல் ஆகிவிடும். 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம். எதிரெதிர் பெஞ்சுகள், முட்டியோடு முட்டி இடிக்கும். பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது, வழியில் நிற்கும் நிலையங்களில்தான் இறங்கி ஓட வேண்டும். இலவசமாக வரும் குழந்தைக்கு இருக்கை இல்லை, ஐந்து மணி நேரமும் யாராவது ஒருவர் மடியில்தான். இரவு முழுக்க ரயிலில் வந்த குழந்தையை உடனே இதில் ஏற்றினால் பாதி வழியில் இருக்கும் ஹில்குரோவ் நிலையம் வருவதற்குள் அழ ஆரம்பித்துவிடும்.

அதனால் நடுவே ஒரு சமரசம். மேலே பேருந்தில் போய்விடுங்கள். இரண்டாம் நாள் காலையில் ஊட்டியிலிருந்து குன்னூருக்குப் போகும் ரயிலில் ஏறுங்கள். பத்தொன்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். லவ்டேல், கேத்தி, அரவங்காடு, வெலிங்டன் என்று சின்னச் சின்ன நிலையங்கள், கேத்திப் பள்ளத்தாக்கில் அடுக்கடுக்காகக் காய்கறித் தோட்டம். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பெட்டியில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கூச்சல் போடும். உங்கள் மகள் முதல் சுரங்கத்தில் அழலாம், இரண்டாவதில் அவளும் கத்துவாள். ஏற்றத்தில் வண்டி வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் பல்சக்கரத் தண்டவாளமும் நீராவி இன்ஜினும் குன்னூருக்குக் கீழேதான், அதைத் தவறவிடுவது உங்கள் கணவருக்கு வருத்தமாகத்தான் இருக்கும். குன்னூர் நிலையத்தில் இறங்கியதும் பிஸ்கெட் பாக்கெட்டைப் பைக்குள் வையுங்கள். அங்கே உள்ள குரங்குகளுக்குக் குழந்தை கையிலிருந்து பிடுங்குவதில் நல்ல பழக்கம். 1874-ல் அமைத்த சிம்ஸ் பூங்காவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் பேருந்தில் திரும்பிவிடலாம். பள்ளச்சரிவில் இருக்கும் பூங்கா என்பதால் மாமியார் மேல்புறத்துப் பெஞ்சிலேயே இருக்கட்டும்.

மேட்டுப்பாளையத்தில் பேருந்து ஏறும் முன் குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுக்காதீர்கள், ஒரு இட்லி போதும். இரண்டு வயதுக்குக் கீழே மலைப்பாதை வாந்தி அரிது, இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத்தான் அது அதிகம். முன்பக்க இருக்கை, திறந்த ஜன்னல், கையில் ஒரு கவர். குழந்தைக்கு வாந்தி மருந்தோ, "வழியில் தூங்கட்டுமே" என்று இருமல் சிரப்போ டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. காது அடைப்பு ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் தொல்லை தரும். அந்த நேரம் தூங்க விடாமல் தண்ணீரோ பாலோ கொஞ்சம் கொஞ்சமாக விழுங்க வைத்தால் சரியாகிவிடும். கிளம்பும் வாரம் சளி பிடித்துக் காதைப் பிடித்துக்கொண்டு அழுதால் மட்டும் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

குளிர் பற்றி. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், ஆரோக்கியமான குழந்தைக்கு உயரத்தால் வரும் உபாதை பொதுவாக இருக்காது. அவர்கள் அவதிப்படுவது பெரும்பாலும் அறையாலும் உடையாலும்தான். ஒரே தடி ஸ்வெட்டரைவிட பருத்தி பனியன், அதன் மேல் முழுக்கைச் சட்டை, அதன் மேல் ஸ்வெட்டர் என்று மூன்று அடுக்கு நல்லது. பதினோரு மணி வெயிலில் ஒன்றைக் கழற்றிவிட வேண்டும், நாலரைக்கெல்லாம் மறுபடி மாட்ட வேண்டும். கை சில்லென்று இருந்தால் பயப்படாதீர்கள், பிடரியைத் தொட்டுப் பாருங்கள். கதகதப்பாக இருந்தால் போதும். ஈரமாக வியர்த்திருந்தால் உடை அதிகம், அந்த வியர்வை காயும்போதுதான் குழந்தைக்குக் குளிரெடுக்கும். லாட்ஜ் ரஜாய் கனமானது, முகத்தை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் குளிப்பாட்டியே தீர வேண்டும் என்று மாமியார் சொன்னால், நடுப்பகலில் வெந்நீர்த் துணியால் துடைத்துவிட்டு அவரைச் சமாதானப்படுத்துங்கள். குளிர் தெரியுமே தவிர மலை வெயில் சுடுவது தெரியாது. கன்னம் வெடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெயும் ஒரு தொப்பியும் போதும். துணி லங்கோடு அங்கே காயவே காயாது, டயப்பரைக் கணக்குக்கு மேல் எடுத்துச் செல்லுங்கள்.

அறைக்குப் போனில் பேசும்போது "வியூ இருக்கிறதா" என்று கேட்பதை விட்டுவிட்டு இதையெல்லாம் கேளுங்கள்: சாலையிலிருந்து அறை வரை எத்தனை படி? வெந்நீர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? அறைக்குள் வெயில் வருமா? போய்ச் சேர்ந்ததும் முன்பணம் கொடுக்கும் முன்பே சுவர் மூலையையும் தரைவிரிப்பையும் முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் வேறு அறை கேளுங்கள், இளைப்பு உள்ள குழந்தைக்கு ஊட்டியின் குளிரைவிட அந்த ஈரச் சுவர் பெரிய எதிரி. குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் இருந்தால் அந்த அறையே வேண்டாம். குளிர் தாங்கவில்லை என்று கரி அடுப்பை உள்ளே கொண்டுவரச் சொல்லவும் கூடாது. கதவு ஜன்னலைச் சாத்திய அறையில் இவை இரண்டிலிருந்தும் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்லை, தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

சேரிங் கிராஸ் பக்கம் தங்கினால் தாவரவியல் பூங்காவுக்குப் பேருந்திலோ ஆட்டோவிலோ சட்டென்று போய் வரலாம், சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம். அரசின் ஹோட்டல் தமிழ்நாடு அங்கேதான் இருக்கிறது. ஒய்.டபிள்யூ.சி.ஏ. ஆனந்தகிரி விடுதியில் திறந்த புல்வெளியும் உண்டு, குழந்தை ஓடிவிளையாட அது கூடுதல் லாபம். இரண்டிலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டில் ஒரு விஷயம். அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் சாதம் குழைய நேரமாகும். ஓட்டலில் சாதத்தைக் கையால் நசுக்கிப் பார்த்துப் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து கொடுங்கள். கெட்டிலில் வைக்கும் கஞ்சியை வீட்டில் வைப்பதைவிடக் கூடுதல் நேரம் வேகவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை என்பதால் எவர்சில்வர் பாட்டில் ஒன்று, பிளாஸ்க் ஒன்று அவசியம். தண்ணீர் ஏடிஎம்கள் சாலையோரத்தில் இருக்கின்றன, குழந்தைக்கு மட்டும் காய்ச்சிய தண்ணீர். ஊட்டி வர்க்கி பிஸ்கெட்டை டீயில் தோய்த்துச் சாப்பிடுவது உங்கள் பாக்கியம், குழந்தைக்கு அதில் ஒரு துண்டு போதும்.

ஊர் சுற்ற ஒரு நாளைக்கு ஓர் இடம், அதுவும் மதியத் தூக்கத்துக்கு முன்னால். வந்து சேரும் நாளில் மட்டும் முதலில் தூக்கம், மாலையில் தாவரவியல் பூங்காவின் கீழ்ப் புல்வெளி. 1840-களில் தொடங்கிய பூங்கா, 55 ஏக்கர். மேலே வரை ஏறிப் பார்க்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. தள்ளுவண்டி கொண்டுபோகாதீர்கள், ஏற்றத்திலும் படியிலும் அதையும் சேர்த்துத் தூக்க வேண்டிவரும். மூன்றாம் நாள் ஏரி. 2,637 மீட்டரில் இருக்கும் தொட்டபெட்டாவை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. காற்று முகத்தில் அறையும், பனிமூட்டம் வந்தால் பார்க்க ஒன்றும் இருக்காது, பத்தே நிமிஷத்தில் திரும்பச் சொல்லி அழுவாள்.

கணக்குக்கு வருவோம். ரயில் போகவர மூவருக்கு 2,100. மலைப் பேருந்துக்கு 600 ஒதுக்குங்கள், அவ்வளவு ஆகாது. மூன்று இரவு அறைக்கு 6,600, நாலு நாள் சாப்பாட்டுக்கு 6,000. ஆட்டோவுக்கும், மாமியாருக்காக ஒரு அரைநாள் உள்ளூர் டாக்சிக்கும் 3,000. நுழைவுக் கட்டணம், படகு எல்லாம் 1,000. ஆக 19,300. உள்ளூர் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம் என்பதால் ஆட்டோ செலவில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம், ஏறும்முன் கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சாக்லேட் கடைக்குள் நுழைந்தால் இந்தக் கணக்குக்கு நான் பொறுப்பல்ல.

ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னால் திறக்கிறது. மார்ச் முதல் வாரம் போவதென்றால் ஜனவரி தொடக்கத்திலேயே நீலகிரி எக்ஸ்பிரஸில் இருவழிக்கும் போட்டுவிடுங்கள், அறையை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.