அம்மாவின் கட்டியில் ஆயிரம் பிறழ்வுகள்: எனக்கும் வருமா?

கேள்வி: 47 வயதாகும் என் அம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். கட்டியின் மரபணுப் பரிசோதனையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிறழ்வுகள் வந்திருக்கின்றன. அதிலுள்ள டைட்டின் மரபணு இதயத்தைப் பாதிக்கும் என்று இணையத்தில் படித்தேன். வாசனை அறியும் மரபணுக்களிலும் பிறழ்வு இருக்கிறதாம். திசுப் பரிசோதனையில் ‘எம்.எஸ்.எச்.2 புரதம் காணப்படவில்லை’ என்று எழுதியிருக்கிறது. மாமாவுக்கு 44 வயதில் குடல் புற்றுநோய் வந்தது; பாட்டிக்குக் கருப்பையில். எனக்கு 27 வயது. பயத்தில் நானும் தம்பியும் முள்சீத்தா இலைக் கஷாயம் குடித்துவருகிறோம். — ஒரு வாசகி

பதில்: டைட்டினை விட்டுவிடுங்கள். நம் உடலிலேயே மிகப் பெரிய புரதம் அது. அதற்கான மரபணுவில் புரதத்தை எழுதும் எழுத்துகள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். அவ்வளவு நீளமான பக்கத்தில் எழுத்துப்பிழை, அதாவது பிறழ்வு, அதிகம் விழத்தான் செய்யும். இதயத்தைப் பாதிப்பது பிறவியிலேயே வரும் டைட்டின் பிறழ்வு. கட்டிக்குள் நேர்ந்த பிழை இதயத்துக்குப் போகாது.

வாசனை மரபணுக்களும் அப்படித்தான். செல் பிரியும் முன் தன் டி.என்.ஏ.வின் 300 கோடி எழுத்துகளையும் படியெடுக்கிறது. பல மணி நேர வேலை. கடைசியில் படியெடுக்கப்படும் பகுதிகளில் பிழை அதிகம் சேரும். அடிக்கடி பயன்படும் மரபணு, வாசிக்கப்படும்போதே பழுதுபார்க்கப்பட்டுவிடும். குடல் செல்லுக்கு வாசனை மரபணுவால் வேலையில்லை. அது இறுகச் சுருண்டு கிடக்கிறது, கடைசியில் படியெடுக்கப்படுகிறது, பிழை அங்கேயே தங்கிவிடுகிறது. தேர்ந்த ஆய்வாளர்களையே இது ஏமாற்றியிருக்கிறது. ஒருவகை நுரையீரல் புற்றுநோயில் 450 மரபணுக்கள் குற்றவாளிகளாகத் தெரிந்தன. இடத்துக்கு இடம் பிழை விகிதம் மாறுவதைக் கணக்கில் எடுத்ததும் மிஞ்சியவை 11. 2013இல் வெளியான ஆய்வு இது. அவர்களுக்கே அந்த நிலை என்றால், ஒவ்வொரு பெயராக இணையத்தில் தேடி நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில் எந்தப் பயனும் இல்லை.

நான் நின்று படித்தது எம்.எஸ்.எச்.2 வரியை. படியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் அணியில் அந்தப் புரதமும் ஒன்று. முதலில் படியெடுக்கப்படும் பகுதிகளில்தான் அந்த அணி நன்றாக வேலை செய்கிறது. அங்கே பிழை குறைவாக இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அணி முடங்கினால் அந்தப் பாதுகாப்பும் போய், எங்கும் பிழை குவியும். உங்கள் கையிலிருக்கும் ஆயிரமும் பெரும்பாலும் இப்படி வந்தவையே. அந்த ஆயிரம் உங்களுக்கு வராது. ஆனால், திருத்தும் மரபணுவில் உள்ள பழுது பரம்பரையாக வரக்கூடும். அம்மாவின் வயது, மாமா, பாட்டி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் குடல், கருப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் பரம்பரைக் கோளாறான லிஞ்ச் நோய்க்குறியைச் சந்தேகிக்காமல் இருக்க முடியாது.

கட்டியைப் பரிசோதித்தது போதாது. அம்மாவின் ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும். மரபியல் ஆலோசகர் உள்ள மருத்துவமனைக்கு இந்த மாதமே போங்கள். பழுது உறுதியானால் அது உங்களுக்கு வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு, தம்பிக்கும் அதே. அந்த ஒரு பிழையை மட்டும் உங்கள் ரத்தத்தில் தேடினால் போதும். இல்லையென்றால் அந்தப் பயத்தை விட்டுவிடலாம். இருந்தால் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை); பொதுவாக 20 முதல் 25 வயதுக்குள் தொடங்க வேண்டும் என்பதால் நீங்கள் தள்ளிப்போட முடியாது. குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு கட்டியான பாலிப்பைப் புற்றாக மாறும் முன்பே எடுத்துவிடலாம். மாதவிடாய் அல்லாத நாட்களில் ரத்தப்போக்கு இருந்தால் அன்றே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அம்மாவின் ரத்தத்தில் எதுவும் கிடைக்காவிட்டாலும் ஆலோசகரிடம் குடும்ப வரலாற்றைச் சொல்லி முடிவெடுங்கள்.

அம்மாவின் மருத்துவரிடம் நோயெதிர்ப்புச் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். திருத்தும் திறன் இழந்த, பரவிய கட்டிகளுக்கு, அவை எந்த உறுப்பில் இருந்தாலும், பெம்ப்ரோலிசுமாப் என்ற இவ்வகை மருந்துக்கு அமெரிக்கா 2017இல் அனுமதி வழங்கியது.

கஷாயத்தை இன்றே கொட்டிவிடுங்கள். புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு மனிதர்களில் சான்று கிடையாது. கரீபியன் தீவான குவாதலூப்பில் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோயோடு முள்சீத்தாவைத் தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். மாமாவுக்குப் பிள்ளைகள் இருந்தால், அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவை அவர்களுக்கும் சொல்லுங்கள்.