தெருவின் வெக்கையை வானிலிருந்து அளக்க முடியுமா?

கேள்வி: எங்கள் தெருவில் நின்ற தூங்குமூஞ்சி மரங்களை வெட்டிய பிறகு வெக்கை கூடிவிட்டது. இதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு எண்களில் காட்ட முடியுமா?
– வாசகர், மேற்கு மாம்பலம், சென்னை.

பதில்: மரங்கள் போனதைக் காட்டலாம், வெக்கை கூடியதைத் தெரு அளவில் காட்டுவது கடினம், பேட்டை அளவில் காட்டலாம்.

இலையின் பச்சையம் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்ளும். இலையின் உள்ளமைப்போ கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பொளியைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். இவ்விரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதே தாவரக் குறியீடு. சிவப்பில் 5 சதவீதத்தையும் அகச்சிவப்பில் 40 சதவீதத்தையும் திருப்பும் மரத்துக்கு அது 0.78, முறையே 25, 28 சதவீதம் திருப்பும் கான்கிரீட் தளத்துக்கு 0.06. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் இதற்கான படங்களை 10 மீட்டர் கட்டங்களாகத் தருகிறது. ஒரு கட்டம் அரை கிரவுண்டுக்கும் குறைவு என்பதால் பெரிய மரம் ஒன்று போனாலும் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் நீர் பாய்ச்சிய புல்தரைக்கும் ஏறக்குறைய மரத்தின் எண்ணே வரும். நிழல் தராத புல்லை மரத்துக்கு ஈடாக எண்ணிவிடக் கூடாது.

வெப்பத்தில்தான் சிக்கல். அமெரிக்காவின் லேண்ட்சாட் 8, 9 செயற்கைக்கோள்களின் வெப்ப உணரிக்கு ஒரு கட்டம் என்பது 100 மீட்டர், அதாவது சுமார் 45 கிரவுண்டு; அதற்குள் அடங்கும் மொட்டைமாடிகள், தார்ச்சாலை, தண்ணீர்த் தொட்டிகள், மிஞ்சியிருக்கும் ஒரு வேம்பு எல்லாம் கலந்து ஒரே எண்ணாகிவிடும். தரவிறக்கும் படத்தில் கட்டம் 30 மீட்டராகத் தெரிவது கணக்கீட்டால் வந்தது. அதை நம்பித் தெருவுக்குத் தெரு ஒப்பிடுபவர்கள் பலர். மேலும், அது அளப்பது காற்றின் வெப்பத்தை அல்ல, காலை சுமார் பத்தரை மணிக்குரிய மேற்பரப்பின் வெப்பத்தை. வெயிலில் கொதிக்கும் துத்தநாகத் தகடு வெப்பக்கதிரைக் குறைவாக வீசுவதால், உரிய திருத்தம் செய்யாவிட்டால் குளிர்ந்ததுபோல் காட்டி ஏமாற்றும்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் இலவசமாகத் தரும் லேண்ட்சாட்டின் இரண்டாம் நிலை (Level-2, அதாவது மேற்பரப்பு வெப்பமாகக் கணக்கிட்டுத் தரப்படும்) வெப்பப் படத்தில், கட்டத்தின் எண்ணை 0.00341802 ஆல் பெருக்கி, 149 ஐக் கூட்டி, 273.15 ஐக் கழித்தால் செல்சியஸ் கிடைக்கும்; 47,000 என்றிருந்தால் 36.5 டிகிரி. மரம் வெட்டுவதற்கு முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் ஏப்ரல், மே மாதப் படங்களில் மேகமில்லாதவற்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் கிண்டி தேசியப் பூங்காவின் சராசரியை உங்கள் பேட்டையின் சராசரியிலிருந்து கழியுங்கள். ஒரு நாள் வெயில் கூடுதல், இன்னொரு நாள் குறைவு என்ற குழப்பம் அதனால் பெருமளவு குறையும். பல படங்களிலும் அந்த இடைவெளி கூடியே இருந்தால்தான் சான்றாகக் கொள்ளலாம். உங்கள் தெருவுக்கு மட்டும் கணக்கு வேண்டுமென்றால், மரம் இருக்கும் பக்கத்துத் தெருவிலும் உங்கள் தெருவிலும் நேரடி வெயில் படாதபடி ஒரே உயரத்தில் வெப்பமானி வைத்து, பிற்பகல் 2 மணிக்கு நாள்தோறும் குறித்து வாருங்கள்.