மூன்று டிவிக்கு எத்தனை எம்பிபிஎஸ் நெட் வேகம்?

கேள்வி: மாடி வீடு. கீழே இரண்டு டிவி, மாடியில் ஒன்று. கேபிள்காரரின் 40 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் மாடி டிவி மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. 300 எம்பிபிஎஸ் பிளான் போடலாமா, 5ஜி ஏர்ஃபைபருக்கு (வயர் இல்லாமல் டவர் சிக்னலில் வரும் வீட்டு நெட்) மாறலாமா?
– வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் கேட்பது மிகத் துல்லியமான 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ், 1080பி என்ற சாதாரண எச்டி படத்துக்கு 5. மூன்று டிவியிலும் சாதாரண எச்டி ஓடினால் 15 போதும். மூன்றும் 4கே என்றால் 45. போன், லேப்டாப் எல்லாம் சேர்த்தாலும் 100 எம்பிபிஎஸ் தாராளம்.

கீழ் டிவிகள் நன்றாக ஓடுவதால் மாடிக்குப் போகும் வைஃபை மேல்தான் சந்தேகம். இரவு எட்டரைக்கு போனில் வேகம் அளக்கும் ஃபாஸ்ட்.காம் தளத்தைத் திறந்து, முதலில் ரவுட்டர் பக்கத்தில் நின்று வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பாருங்கள். பிறகு மாடி டிவி பக்கத்தில் பாருங்கள். கீழே 38, மேலே 6 என்று வந்தால் குறை வைஃபையில். ரவுட்டர் பக்கத்திலேயே 10 என்றால் லைனில் நெரிசல். கேபிள்காரரிடம்தான் பேச வேண்டும்.

கான்கிரீட் தளத்தை 5 கிகாஹெர்ட்ஸ் சரியாகத் தாண்டாது. அதனால் மாடி டிவி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என மூன்றே. இரவில் தெருவிலுள்ள எல்லா வீட்டு வைஃபையும் அந்த மூன்றுக்குள் அடித்துக்கொள்வதால்தான் பகலில் ஓடுவது இரவில் நிற்கிறது.

இதற்கு நிலையான தீர்வு வயர்தான். ரவுட்டரிலிருந்து மாடிக்கு கேட்6 என்ற நெட் கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை வேகம் குறையாது. கடையில் முழுச் செம்பு வயர் என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தில் செம்பு பூசியது விலை மலிவு, ஆனால் கிளிப் அடிக்கும் இடத்தில் சீக்கிரம் ஒடியும். கரண்ட் வயர் போகும் பைப்பில் இதைச் சேர்த்து நுழைக்கக் கூடாது. மேலே போன்களுக்கும் வைஃபை வேண்டுமென்றால் அந்த வயர் முனையில் இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் (வயரில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் முறை) வையுங்கள். வைஃபையை வாங்கித் திரும்பப் பரப்பும் மலிவு ரிப்பீட்டர் வேண்டாம். வாங்கும் வேகத்தில் பாதியைத்தான் திருப்பித் தரும்.

இன்னொன்று: பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட் (நெட் வயர் செருகும் இடம்) 100 எம்பிபிஎஸ்தான். 300 கட்டினாலும் வயரில் இணைத்த டிவிக்கு அது தெரியாது. நெட்ஃபிளிக்ஸ் ஸ்டாண்டர்ட் பிளானில் ஒரே நேரத்தில் இரண்டு திரைதான், 4கேயும் கிடையாது. மூன்றாவது டிவிக்கு பிரீமியம் வேண்டும். இதை நெட் குறை என்று நினைத்துப் பிளானை ஏற்றுகிறவர்கள் நிறைய.

ஏர்ஃபைபரை, ஃபைபர் வராத தோட்டத்து வீட்டுக்கு மட்டுமே சொல்வேன். டவருக்கும் வீட்டுக்கும் நடுவே அடர்ந்த மாந்தோப்பு இருந்தால் சிக்னல் குறையும். டேட்டா வரம்பும் பாருங்கள். 4கே மணிக்கு 7 ஜிபி வரை தின்னும். மூன்று டிவி தலா நான்கு மணி நேரம் ஓடினால் நாளுக்கு 84 ஜிபி. 1000 ஜிபி வரம்புள்ள பிளான் பன்னிரண்டே நாளில் தீரும். பிளான் விலையைக் கேட்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா என்றும் கேளுங்கள்.

கேள்வி: கரண்ட் போனால் நெட்டும் போகிறது. சில நாள் கரண்ட் இருந்தும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது.
– வாசகி, பென்னாகரம்

பதில்: முதலாவதுக்கு ரவுட்டருக்கான 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும். அடாப்டரில் எழுதியுள்ள ஆம்பியர் அளவைப் பார்த்து வாங்குங்கள். கேபிள்காரர் ஆபீசிலும் பேட்டரி இல்லையென்றால் உங்கள் யுபிஎஸ் இருந்தும் பயனில்லை. முதலில் அதை விசாரியுங்கள்.

எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். ரீஸ்டார்ட் செய்து பலனில்லை. ரோட்டின் குறுக்கே தாழ்ந்து தொங்கும் ஃபைபரை வைக்கோல் லாரி இழுத்திருக்கலாம், அல்லது டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் வயர் மடங்கியிருக்கலாம். மடிப்பை நீக்கி, உள்ளங்கை அகல வட்டமாகச் சுற்றி விடுங்கள். அப்போதும் எரிந்தால் லைன்மேனை ஒளியை அளக்கும் பவர் மீட்டரோடு வரச் சொல்லுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் (ஒளியின் அளவு) வரை நல்லது. மைனஸ் 27-க்கும் கீழே, அதாவது மைனஸ் 28, 29 என்று போனால் ஃபைபர் ஜாயின்ட்டைத் திரும்ப அடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.